கூட்டமில்லாத கரீபியன் கடற்கரை: கையைக் கடிக்காமல் ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கரீபியன் என்று தேடினால் முதலில் வருவது கான்கூன், புன்டா கானா மாதிரி ஊர்கள்தான். கையில் பட்டை கட்டிவிட்டு, சாப்பாடு, குடி, நீச்சல்குளம் எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் ரிசார்ட்டுகள். அது பிடித்தவர்களுக்கு அதுவே போதும். இந்த விளக்கம் வேறு ஆட்களுக்கு: சின்ன மீனவ ஊர், நடந்துபோகும் தூரத்தில் கடல், சமையலறையோடு ஓர் அறை, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சத்தமில்லாத தெரு, இவ்வளவு போதும் என்பவர்களுக்கு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே ஓர் ஊர் அமைதியாக இருக்கிறதென்றால் பெரும்பாலும் பெரிய விமானம் அங்கே இறங்குவதில்லை, சொகுசுக் கப்பல்கள் அதிகம் வருவதில்லை என்று அர்த்தம். ஆகவே கடைசி ஐம்பது கிலோமீட்டரைப் படகிலோ சிற்றுந்திலோ கடக்க வேண்டியிருக்கும். அமைதிக்கு நாம் கொடுக்கும் விலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, அறை வாடகையில் இல்லை. அதனால் படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காமல், ஒத்துவராததை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவதுதான் சரியான வழி.

பழகுவதற்கு நான்கு ஊர்களை எடுத்துக்கொள்வோம். டிரினிடாட் டொபேகோ நாட்டின் டொபேகோ தீவில் கஸ்டாரா. செயின்ட் வின்சென்ட் நாட்டைச் சேர்ந்த பெக்வே தீவு. பெலீஸ் நாட்டுக் கரைக்கு எதிரே இருக்கும் கீ காக்கர். டொமினிகன் குடியரசில் சமனா தீபகற்பத்தின் நுனியில் லாஸ் கலேராஸ். நான்குமே சின்ன ஊர்கள், நான்கிலும் குறைந்த செலவில் தங்க முடியும், ஆனால் ஒன்று போல இன்னொன்று இல்லை.

படி 1: பாஸ்போர்ட்டை வைத்துக் கழியுங்கள்

கனடா, அமெரிக்கா, பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு இதுதான் முதல் வேலை.

இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா போகிறவர்களிடம் டிரினிடாட் டொபேகோ, செயின்ட் வின்சென்ட், கிரெனடா, பார்படோஸ், ஜமைக்கா ஆகிய நாடுகள் முன்கூட்டியே விசா கேட்பதில்லை. ஆக, கஸ்டாராவும் பெக்வேயும் தேறிவிட்டன. டொமினிகன் குடியரசுக்கு அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) இவற்றில் ஏதாவது ஒரு விசா கையில் இருந்தால் தனி விசா இல்லாமல் நுழையலாம். பெலீஸுக்குப் பலமுறை நுழைய உதவும் அமெரிக்க விசா இருந்தால் வழி எளிது, இல்லாவிட்டால் விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் போடும் வாரத்தில் அந்தந்த நாட்டின் குடிவரவுத் துறைத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குத் தனிப் பட்டியல் உண்டு, இந்தியாவுக்கு இருப்பதே அதற்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். டொமினிக்கா வேறு, டொமினிகன் குடியரசு வேறு. முன்னது ஆறும் அருவியும் மழைக்காடும் நிறைந்த சின்னத் தீவு, கடற்கரைக்குப் பேர்போன இடமல்ல. டிக்கெட் தளத்தில் பெயரை அவசரமாகத் தட்டாதீர்கள். அடுத்தது, போய்ச் சேரும் நாட்டுக்கு விசா வேண்டாமென்றாலும் வழியில் வேண்டியிருக்கலாம். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதாக இருந்தாலே அமெரிக்க விசா தேவை, வெளியே போகாமல் காத்திருக்கும் வசதி அங்கே கிடையாது. மலிவான டிக்கெட் மயாமி வழியாக வருகிறதே என்று மகிழ்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

தமிழர்களுக்குக் குவாதலூப் தீவின் மேல் ஓர் ஈர்ப்பு வருவது இயல்பு. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மாரியம்மன் வழிபாடு இன்றும் உண்டு, ‘கொலம்போ’ என்ற பெயரில் மசாலாக் குழம்பு ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. பக்கத்தில் தேர்-தெ-ஓ என்ற குட்டித் தீவு அழகும் அமைதியுமான இடம். ஆனால் குவாதலூப் பிரான்ஸின் பகுதி. சாதாரண ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது, பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று குறிப்பிட்ட விசா வேண்டும். செலவும் யூரோவில். முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: மாதம்

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை வானிலை அருமை, விலையோ உச்சம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். அதிலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் முடிய ஆபத்து அதிகம். இரண்டுக்கும் நடுவே கிடைப்பவை இரண்டு இடைவெளிகள்: ஏப்ரல் கடைசியும் மே மாதமும், அப்புறம் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் பாதி வரை. குறைந்த செலவில் போக நினைப்பவர்கள் இந்த இரண்டுக்குள் தேதியை அடக்கப் பாருங்கள்.

தெற்கே போகப் போகப் புயல் அபாயம் குறையும். டொபேகோ வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருக்கிறது. அதற்காக அறவே வராது என்றில்லை, 1963இல் ஃப்ளோரா புயல் அந்தத் தீவைப் புரட்டிப்போட்டது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் கரியகூ தீவையும், செயின்ட் வின்சென்டின் யூனியன் தீவையும் சிதைத்தது. அதே நாட்டில் வடக்கே இருக்கும் பெக்வேக்குச் சேதம் அவ்வளவு இல்லை. ஜமைக்காவின் தென்கரையில் ட்ரெஷர் பீச் என்ற மீனவ ஊரை இந்தப் பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்த்திருப்பேன். ஆனால் 2025 அக்டோபர் கடைசியில் மெலிஸா புயல் அந்தத் தென்மேற்குப் பகுதியைக் கடுமையாகத் தாக்கியது. போக விரும்பினால் தங்குமிடத்துக்கே எழுதி, மின்சாரம், தண்ணீர், சாலை எப்படி இருக்கிறதென்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஊர்த் திருவிழாக்களையும் பாருங்கள். டிரினிடாடில் கார்னிவல் முடிந்ததும் அங்கிருந்து ஜனங்கள் ஓய்வெடுக்க டொபேகோவுக்கு வந்து குவிவார்கள். ஈஸ்டர் சமயத்தில் பெக்வேயில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அறைதான் கிடைக்காது.

படி 3: தீவின் எந்தப் பக்கம்?

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விடும் படி இது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

கரீபியனில் காற்று ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வீசும். அதனால் ஒரே தீவில் கிழக்குக் கரையில் அலை ஆர்ப்பரிக்கும், மேற்குக் கரையில் கடல் குளம்போலக் கிடக்கும். பார்படோஸில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கிழக்கே பாத்ஷீபாவில் அலைச்சறுக்குக்காரர்கள், மேற்குக் கரையில் குழந்தைகள். நீச்சல் அவ்வளவாகத் தெரியாதவர் என்றால் மேற்குப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

கடற்பாசித் தொல்லையும் இதோடு சேர்ந்ததுதான். சர்காஸம் என்ற பழுப்பு நிற மிதவைப் பாசி 2011 முதல் பெருமளவில் கரீபியன் கரைகளில் ஒதுங்கி வருகிறது. ஒதுங்கிய பாசி அழுகினால் முட்டை கெட்ட நாற்றம் அடிக்கும். மார்ச் வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் வரை இது அதிகம். ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவில் வருவதில்லை. காற்று தள்ளிக்கொண்டு வருவதால் கிழக்கு பார்த்த கரைகளில்தான் குவியும். தென் புளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படங்களை வைத்து மாதாமாதம் நிலவரம் வெளியிடுகிறது. மே மாதம் போகத் திட்டமிட்டால் மார்ச்சிலிருந்தே அதைப் பாருங்கள்.

நம் நான்கு ஊர்களை இதில் வைத்துப் பார்ப்போம். பெக்வேயின் நல்ல கடற்கரைகளான பிரின்சஸ் மார்கரெட்டும் லோயர் பேயும் மேற்கே பார்த்தவை, ஊரிலிருந்து நடந்தே போகலாம். கஸ்டாரா டொபேகோவின் காற்று மறைவான பக்கத்தில், ஒரு வளைகுடாவுக்குள் இருக்கிறது. கீ காக்கரில் கிழக்குப் பக்கம் பாசி வரும், மேற்குப் பக்கம் தப்பிக்கும். லாஸ் கலேராஸிலிருந்து படகில் போகும் ரின்கோன் கடற்கரை நீண்டது, தென்னை அடர்ந்தது. அதே நாட்டின் கிழக்குக் கரையில் இருக்கும் புன்டா கானா பக்கம் குவிகிற அளவுக்குப் பாசி அங்கே வருவது குறைவு.

கீ காக்கர் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அங்கே பரந்த மணற்பரப்பு கிடையாது. 1961இல் ஹாட்டி புயலுக்குப் பிறகு தீவு இரண்டாகப் பிரிந்ததாகச் சொல்லப்படும் ‘ஸ்ப்ளிட்’ கால்வாய் ஓரத்தில்தான் எல்லோரும் குளிக்கிறார்கள், மற்றபடி படகுத்துறைகளிலிருந்து தண்ணீரில் இறங்க வேண்டும். அதன் செல்வம் மணல் அல்ல, எதிரே இருக்கும் பவளத்திட்டு. மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மீனும் ஆமையும் பார்க்க ஆசைப்பட்டால் நான்கில் இதுதான் முதலிடம். மணலில் படுத்துக் கிடக்க ஆசைப்பட்டால் கடைசி இடம்.

படி 4: கடைசிக் கட்டப் பயணத்துக்குக் கணக்குப் போடுங்கள்

ஒரு தாளில் நான்கு ஊர்களையும் எழுதி, பெரிய விமான நிலையத்திலிருந்து படுக்கை வரைக்கும் எத்தனை முறை வண்டி மாற வேண்டும் என்று குறியுங்கள்.

கீ காக்கருக்கு பெலீஸ் சிட்டியிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெக்வேக்கு முதலில் செயின்ட் வின்சென்டுக்குப் பறந்து, கிங்ஸ்டவுனிலிருந்து ஃபெரியில் ஒரு மணி நேரம். டொபேகோவுக்கு டிரினிடாடிலிருந்து விமானமும் உண்டு, கப்பலும் உண்டு. இரண்டுக்கும் அரசு மானியம் இருப்பதால் கரீபியனில் இவ்வளவு மலிவான தீவுப் பயணம் அரிது. லாஸ் கலேராஸுக்கு சாண்டோ டொமிங்கோவிலிருந்து பேருந்தில் சமனா, அங்கிருந்து ‘குவாகுவா’ என்ற சிற்றுந்து. சில்லறையில் முடிந்துவிடும், ஆனால் கொஞ்சம் ஸ்பானிஷ் வார்த்தைகள் வேண்டும்.

இப்போது கணக்கு. போக வரக் கடைசிக் கட்டத்துக்கு ஒருவருக்கு 120 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு இரவு தங்கினால் ஓர் இரவுக்கு 30 டாலர் கூடுதல். பத்து இரவு தங்கினால் 12 டாலர்தான். மூன்று தீவுகளைச் சுற்றிப் பார்க்கலாம் என்ற ஆசை பட்ஜெட்டை உடைப்பது இப்படித்தான். ஒரே ஊரில் உட்காருங்கள். வாரக்கணக்கில் தங்கினால் வாடகையிலும் பேரம் பேசலாம்.

படி 5: அறையும் அடுப்பும்

தீவுகளில் பால், பழம், அரிசி என்று பலதும் கப்பலில் வருவதால் கடைச் சாமானே விலை அதிகம், உணவக விலை அதற்கும் மேல். ஆகவே சமையலறை உள்ள விருந்தினர் விடுதியைத் தேடுங்கள். பருப்பு, மிளகாய்த்தூள், புளி கொஞ்சம் பெட்டியில் போகட்டும். கஸ்டாராவில் மீனவர்கள் கரைவலை இழுப்பார்கள், அன்றைய மீனை அங்கேயே வாங்கலாம். கடற்கரையோரம் மண் அடுப்பில் ரொட்டியும் சுடுவார்கள்.

சைவச் சாப்பாட்டுக்கும் டிரினிடாட் டொபேகோதான் நம் ஆட்களுக்குச் சுலபம். மசாலாக் கொண்டைக்கடலையை இரண்டு மெல்லிய பொரித்த ரொட்டிகளுக்கு நடுவே வைத்துத் தரும் ‘டபுள்ஸ்’ அங்கே தெருக்கடைக் காலை உணவு. உருளைக்கிழங்கும் கடலையும் வைத்த ரொட்டியும் மதியத்துக்குக் கிடைக்கும். மற்ற ஊர்களில் சோறும் பீன்ஸும் பார்க்கச் சைவம் போலத் தெரியும், உள்ளே இறைச்சி போட்டு வேகவைத்திருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அறை விலையைப் பார்க்கும்போது வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்ததா என்று கேளுங்கள். பல இடங்களில் இரண்டும் கடைசியில்தான் ஏறும். நாணயக் கணக்கு எளிது: பெலீஸில் ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டு உள்ளூர் டாலர், செயின்ட் வின்சென்டில் 2.70 கிழக்குக் கரீபியன் டாலர், இரண்டும் நிலையான மாற்று விகிதம். விலையைச் சொல்லும்போது எந்த டாலர் என்று மட்டும் மறக்காமல் கேளுங்கள்.

படி 6: இப்போது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியப் பாஸ்போர்ட், வேறு விசா எதுவும் இல்லை, சைவம், முதல் பயணம் என்றால் கஸ்டாரா. டிரினிடாடில் குற்றச் செய்திகள் வருவது உண்மைதான். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இரவில் சுற்றாமல் நேரே டொபேகோவுக்கு மாறிவிடுங்கள், புறப்படும் முன் பயண எச்சரிக்கைகளையும் பாருங்கள். அமெரிக்காவில் இருப்பவர், ஆங்கிலம் போதும், கடலுக்கடியில் பார்க்க ஆசை என்றால் கீ காக்கர். காசுதான் முதல் கவலை, மொழி தடையில்லை என்றால் லாஸ் கலேராஸ். ஜனவரி நடு முதல் மார்ச் வரை சமனா விரிகுடாவில் கூன்முதுகுத் திமிங்கலங்களும் வரும். பெக்வே நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் செலவு கொஞ்சம் கூடும். இரண்டு பேர் வாடகையைப் பகிர்ந்துகொண்டு பத்து நாளாவது தங்க முடிந்தால் மட்டும் அங்கே போங்கள்.

முடிவானதும் முன்பதிவு வரிசை இது: முதலில் ஃபெரி நேரம் பாருங்கள், பிறகு விமானம், கடைசியாக அறை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் ஃபெரிகள் குறையும். திரும்பும்போது விமானத்துக்கு முந்தின நாளே தீவை விட்டுக் கிளம்பி, விமான நிலையம் இருக்கும் ஊரில் ஓர் இரவு தங்குங்கள். காற்று பலத்தால் படகு நிற்கும், விமானம் நமக்காக நிற்காது.

டிரினிடாட் வழியாகப் போய் இந்தியா திரும்புகிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் டிரினிடாட் இருக்கிறது. தடுப்பூசிச் சான்று இல்லாமல் வந்து இறங்கினால் தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், ஆனால் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நாள் குறித்துக்கொண்டு போக வேண்டும் என்பதால், டிக்கெட் போட்ட கையோடு அதையும் முடித்துவிடுங்கள்.