பழைய மாருதி 800: பெயிண்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800, 2014 ஜனவரி வரை தயாரிப்பில் இருந்தது. அப்பாவோ மாமாவோ வாங்கிய ஒன்று இன்றும் பல வீடுகளில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அதை வீட்டிலேயே மீட்டெடுக்க நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 796 சி.சி., மூன்று சிலிண்டர், பழைய மாடல்களில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர். கையால் தொட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய எளிமையான வண்டி அது.

அப்பாவின் 1996 மாடலை எடுத்தபோது நான் முதலில் பெயிண்ட் அடித்தேன். பெரிய தவறு. இரண்டு மாதம் கழித்து, மழைநீர் நாற்றம் அடிக்கிறதே என்று மிதியடிக் கம்பளத்தைத் தூக்கினால், டிரைவர் காலடியில் துருப்பிடித்திருந்த தகட்டில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே உள்ளே இறங்கியது. வெல்டிங் வைத்ததில் புதுப் பெயிண்டும் போனது.

இந்த வண்டிக்குத் தனியாக சேசிஸ், அதாவது அடியில் தாங்கும் சட்டம், கிடையாது. தளம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பு, சக்கர வளைவு, இந்தத் தகடுகள் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. அதனால் துருவின் மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டுத் தேய்ப்பதும், கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்து மூடுவதும் அழகுக் குறைவோடு நிற்கும் விஷயமல்ல. பட்டி ஈரத்தை உறிஞ்சும், துரு உள்ளேயே பரவும். கெட்ட தகட்டை நல்ல உலோகம் தெரியும் வரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். பேட்டரிக்கு அடியிலும் பின்சீட்டுக்கு அடியிலும் பார்க்கத் தவறாதீர்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கித் தள்ளி வையுங்கள். காலி டேங்க்தானே என்று விட்டுவிடக் கூடாது, உள்ளே தங்கும் ஆவிதான் வெடிக்கும்.

அடியில் படுத்து வேலை செய்யும்போது வண்டியோடு வந்த ஜாக்கியை நம்ப வேண்டாம். அது டயர் மாற்ற மட்டும். ஹாலோ பிளாக்கும் செங்கலும் சட்டென்று உடையும். சமதளத்தில் வண்டியைத் தாங்க இரண்டு ஜாக் ஸ்டாண்டு (இரும்புத் தாங்கி), தரையில் நிற்கும் சக்கரத்துக்குத் தடுப்புக் கட்டை. இதில் காசு பார்க்காதீர்கள்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் போனில் படமெடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் பெயரெழுதிப் போட்டு வையுங்கள். நான் எல்லாவற்றையும் ஒரே பெயிண்ட் டப்பாவில் போட்டுவிட்டு ஒரு வாரம் பொறுக்கினேன்.

"நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்ல தம்பி" என்று, இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் நீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடும் பழக்கம் பல மெக்கானிக்குகளிடம் உண்டு. அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். புது வால்வு போட்டு, வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள். தண்ணீர் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டை அரிக்கும். பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. டைமிங் பெல்ட், பிரேக் ஹோஸ் இரண்டுக்கும் ஓடிய கிலோமீட்டரைக் கணக்குப் பார்க்க வேண்டாம், வயதானாலே மாற்றிவிடுங்கள். உதிரிக்குச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போகலாம். ஆனால் பிரேக் பாகங்களை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

அப்புறம் மாடிஃபிகேஷன். 12 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு 14 போடும் ஆசை எல்லோருக்கும் வரும். டயரின் மொத்த விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், வளைக்கும்போது உரசும், பவர் இல்லாத ஸ்டீயரிங் கனக்கும். முகப்பு விளக்கில் 60/55 வாட் பல்பு இருந்த இடத்தில் 100/90 போடுவது இன்னும் மோசம். இரண்டு விளக்குக்கு 10 ஆம்பியர் மின்சாரம் போன பழைய ஒயரில் கிட்டத்தட்ட 17 போகும், சுவிட்ச் உருகும். எதிரே வருபவரின் கண்ணும் கூசும்.

ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழையும் முதலிலேயே எடுத்துப் பாருங்கள். 15 ஆண்டு முடிந்ததும் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 'விண்டேஜ்' என்று பதிய 50 வயது ஆக வேண்டும், முதல் மாருதிக்கே அது 2033-ல்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. கூரையை வெட்டித் திறந்த காராக்கும் யோசனை இருந்தால், கட்டரை எடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.