லாரி மீட்டர் தப்பாகக் காட்டினால்: சரிசெய்யப் போய்ச் செய்யும் தவறுகள்

லாரித் தொழிலில் மீட்டர் பிரச்சினை பெரும்பாலும் மீட்டர் பிரச்சினையாக வெளியே வருவதில்லை. "வண்டி மைலேஜ் கொடுக்கவில்லை", "டிரைவர் டீசல் எடுக்கிறான்", "பிக்கப் செத்துப்போச்சு" என்று வேறு பெயர்களில்தான் வரும். 9.00-20 டயர் ஓடிய வண்டிக்கு 10.00-20 போட்டால் டயரின் விட்டம் சுமார் 1018 மி.மீ.யிலிருந்து 1054 மி.மீ.க்குப் போகிறது. சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது, சுற்றைத்தான் எண்ணும். உண்மையில் 1000 கி.மீ. ஓடிய வண்டி 966 என்று காட்டும். 250 லிட்டர் டீசலுக்கு லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்த அதே வண்டி ட்ரிப் ஷீட்டில் (டிரைவர் எழுதும் பயணக் கணக்குத் தாளில்) 3.86 கொடுக்கும். ஓனர் யாரைச் சந்தேகப்படுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாதிரிச் சண்டை முற்றிய பிறகுதான் பலரும் மீட்டரைக் கழற்றுகிறார்கள். அங்கே தொடங்குகிறது முதல் தவறு: எவ்வளவு தப்பு, எந்தப் பக்கம் தப்பு என்று அளக்காமலே கை வைப்பது.

வேக முள் வேறு, ஓடிய கிலோமீட்டர் வேறு

செல்போன் ஜி.பி.எஸ். 76 என்கிறது, முள் 80-இல் நிற்கிறது. உடனே "மீட்டர் அஞ்சு சதவீதம் கூட ஓடுது, ரீடிங்கும் அப்படித்தான் ஏறியிருக்கும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறு. வேக முள்ளைக் கம்பெனிகளே வேண்டுமென்றுதான் கொஞ்சம் கூட்டிக் காட்ட வைக்கின்றன. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குமுறை சொல்வதும் இதைத்தான்: காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறையவே கூடாது, பத்து சதவீதமும் அதற்கு மேல் சில கிலோமீட்டரும் வரை கூடலாம். ஓடிய கிலோமீட்டரை எண்ணும் ஓடோமீட்டரில் இப்படி ஒரு கூட்டலைச் சேர்ப்பதில்லை. ஆகவே முள் 4 கி.மீ. கூட்டிக் காட்டும் வண்டியில் ரீடிங் கச்சிதமாக இருப்பது சர்வ சாதாரணம்.

பழைய கேபிள் மீட்டரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் தொடாமலே ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். கிண்ணத்தை ஒரு மெல்லிய ஸ்பிரிங் பிடித்து நிறுத்தும். முள் காட்டுவது அந்த இழுபறியைத்தான். காந்தம் வலுவிழந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ முள் தப்பும். ஆனால் கிலோமீட்டர் எண்கள் பல்சக்கரத்தோடு நேராகப் பூட்டியவை. கேபிள் சுற்றியதை அப்படியே எண்ணும். அங்கே தப்பு வர வேண்டுமானால் டயர் மாறியிருக்க வேண்டும், பல் மாறியிருக்க வேண்டும், அல்லது கேபிளே சில நேரம் சுற்றாமல் இருந்திருக்க வேண்டும்.

வேகத்தை வேகத்தோடும் தூரத்தைத் தூரத்தோடும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே சதவீதத்தில் தப்பியிருந்தால் மட்டும் செட்டிங் பக்கம், அதாவது மீட்டர் சுற்றைத் தூரமாக மாற்றும் கணக்கு எண்ணின் பக்கம், போகலாம்.

அளப்பதிலேயே நடக்கும் கோளாறுகள்

ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை ஓட்டிப் பார்த்து "மீட்டர் சரிதான்" என்பவர்கள் உண்டு. மீட்டரின் கடைசி எண்ணே 100 மீட்டருக்கு ஒருமுறைதான் மாறும். ஒரு கிலோமீட்டரில் அதுவே பத்து சதவீதச் சந்தேகம். மதுரை–திருநெல்வேலி நாற்கரச் சாலை மாதிரி நேரான பாதையில், லோடோடு, 50 கி.மீ. ஓட்டினால்தான் ஒரு சதவீத வித்தியாசம்கூடப் பிடிபடும். புறவழிச்சாலை போட்ட இடங்களில் கற்களுக்கு இடையே உள்ள தூரத்தை நம்ப முடியாது. பாதை மாறியிருக்கும், கல் பழைய கணக்கில் நின்றுகொண்டிருக்கும்.

வண்டி கண்காணிப்பு ஜி.பி.எஸ். அறிக்கையைத் தங்கத் தராசாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு, அதுவும் மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு. கருவி 30 விநாடிக்கு ஒருமுறை இடத்தைக் குறித்து அனுப்புகிறது என்று வையுங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறும் லாரி அதற்குள் 167 மீட்டர் போயிருக்கும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வண்டி ஒரு வளைவையே சுற்றி வந்திருந்தாலும் கணினி நேர்கோடு போட்டுக் கணக்கை முடித்துவிடும். தூரம் குறையும். உடனே "ஓடோமீட்டர் கூட ஓடுது" என்று பழி வரும். நிறுத்தி வைத்த வண்டியில் இதற்கு நேர்மாறு: புள்ளி அங்கும் இங்கும் துள்ளி, ஓடாத தூரத்தையும் சேர்க்கும். சமவெளியில், சீரான வேகத்தில், வானம் மறையாத இடத்தில் செல்போன் காட்டும் வேகத்தை நம்பலாம். வேகம் கூட்டும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அது பின்தங்கி வரும், அப்போது பார்க்காதீர்கள். பார்ப்பவர் டிரைவராகவும் இருக்கக் கூடாது, கிளீனர் குறித்துக்கொள்ளட்டும்.

40, 60, 80 என்று மூன்று வேகங்களில் குறித்தால் நோயின் பெயரே தெரிந்துவிடும். 44, 64, 84 என்று எல்லா இடத்திலும் ஒரே 4 கூடினால் முள்ளைத் தப்பான இடத்தில் சொருகியிருக்கிறார்கள். 42, 63, 84 என்று வேகத்தோடு சேர்ந்து ஏறி, தூரமும் அப்படியே கூடினால் டயர், கிரவுன் (பின் அச்சைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), செட்டிங் மூன்றில் ஒன்று. முள் துள்ளுகிறது, திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது, மழைக்குப் பிறகு மட்டும் தகராறு செய்கிறது என்றால் அது கணக்குத் தப்பே இல்லை. கேபிள் காய்ந்திருக்கலாம், கனெக்டரில் தண்ணீர் ஏறியிருக்கலாம், எர்த் ஒயர் விட்டிருக்கலாம், சென்சார் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கலாம். இந்த வண்டிக்குப் போய் செட்டிங் எண்ணை மாற்றிக் கொடுப்பவர் இரண்டு கோளாறு உள்ள வண்டியாகத்தான் திருப்பி அனுப்புவார்.

எந்த டயரை அளக்கிறீர்கள்?

மீட்டருக்குச் செய்தி போவது பெரும்பாலும் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து. ஆகவே கணக்கில் வருவது கிரவுன் உள்ள பின் அச்சின் டயர்தான். லிஃப்ட் ஆக்சில் (தேவையில்லாதபோது தூக்கி வைக்கும் அச்சு) டயர் பற்றிக் கவலையே வேண்டாம். ஆனால் நம் ஊரில் புது டயரை முன்னால் போட்டுவிட்டுத் தேய்ந்ததையும் ரீட்ரெட்டையும் (மேல் ரப்பர் புதிதாக ஒட்டிய பழைய டயரையும்) பின்னால் தள்ளுவதுதான் வழக்கம். முன் டயரை அளந்து செட்டிங் போட்டால், வண்டி ஓடுவது ஒரு டயரில், கணக்கு ஓடுவது இன்னொன்றில்.

டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பதை வைத்து விட்டம் போட்டு 3.14-ஆல் பெருக்குவது படித்தவர்கள் செய்யும் தவறு. 295/80 ஆர் 22.5 டயரின் விட்டம் சுமார் 1044 மி.மீ. காகிதக் கணக்கில் சுற்றளவு 3280 மி.மீ. வரும். பாரத்தில் டயர் அமுங்கி உருளும்போது ஒரு சுற்றுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 3180 தான். ரேடியல் டயருக்கு விட்டத்தை 3.05-ஆல் பெருக்கினால் அருகில் வரும். இந்த ஒரு கவனக்குறைவிலேயே மூன்று சதவீதம் போய்விடுகிறது. இதைவிட நல்ல வழி சாக்பீஸ்தான். லோடு ஏற்றி, காற்று சரிபார்த்து, டயரிலும் தரையிலும் கோடு போட்டு, பத்துச் சுற்று நேராக உருட்டி, டேப்பால் அளந்து பத்தால் வகுங்கள். டயர் கம்பெனி ஏட்டில் கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்று போட்டிருந்தால் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பட்டன் (டயரின் மேல் ரப்பர் கட்டிகள்) தேய்மானத்தையும் மறக்கக் கூடாது. 16 மி.மீ. ஆழத்தில் தொடங்கி 3 மி.மீ. வரை ஓட்டினால் விட்டம் 26 மி.மீ. குறையும், அதாவது இரண்டரை சதவீதம். புது டயருக்குக் கச்சிதமாகச் செட்டிங் போட்டால் அன்றிலிருந்து மீட்டர் கூடிக்கொண்டே போகும். எப்போதைக்கும் ஒரே எண் கேட்பவர்களுக்கு என் யோசனை: பாதி தேய்ந்த டயரின் அளவைப் போடுங்கள். தொடக்கத்தில் ஒன்றேகால் குறையும், முடிவில் ஒன்றேகால் கூடும், ஆண்டுக் கணக்கில் சமமாகிவிடும். தொடக்கத்தில் வரும் அந்தச் சின்னக் குறையை வேக முள்ளில் ஏற்கெனவே இருக்கும் கூட்டல் தாங்கிக்கொள்ளும். முள்ளில் அந்தக் கூட்டல் இருக்கிறதா என்று மேலே சொன்னபடி பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

காற்றைக் கூட்டிக் குறைத்து மீட்டரைச் சரிக்கட்டுவது பற்றி: வேண்டாம். ரேடியல் டயரின் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை நீளாது, சுருங்காது. காற்று மாறினால் உருளும் தூரம் மிகக் கொஞ்சமே மாறும். டயர்தான் வெடிக்கும்.

கிரவுன் மாற்றியதை யாரும் சொல்வதில்லை

பின் ஹவுசிங் (பின் அச்சின் கூடு) கெட்டுப்போன வண்டிக்குப் பழைய சாமான் கடையிலிருந்து வேறொரு கிரவுன்–பினியன் வாங்கிப் போடுவது புதிதல்ல. 7/41 (பினியனில் 7 பல், கிரவுனில் 41 பல்) இருந்த இடத்தில் 6/37 போட்டால் விகிதம் 5.857-இலிருந்து 6.167 ஆகிறது. அதே தூரத்துக்கு கியர்பாக்ஸ் 5.3 சதவீதம் அதிகம் சுற்றும், மீட்டரும் அவ்வளவு கூட்டிக் காட்டும். பின்னால் வருவதுதான் சுவாரசியம். 2015 அக்டோபர் 1 முதல் தயாரான சரக்கு லாரிகளுக்குப் பொதுவாக 80 கி.மீ. வேகக் கட்டுப்பாடு உண்டு. டேங்கர், டம்பர், ஆபத்தான சரக்கு வண்டிகளுக்கு 60. அந்த வேகத்தைத் தாண்டாமல் பிடிக்கும் கருவியான கவர்னரும் அதே சென்சாரைப் பார்த்து ஓடுகிறது என்றால், அது 80 என்று நினைத்து வண்டியைப் பிடிக்கும்போது உண்மை வேகம் 76 தான். டிரைவர் "வண்டி இழுக்கலை" என்பார். மெக்கானிக் டீசல் ஃபில்டரை மாற்றுவார், அப்புறம் டர்போவைச் சந்தேகிப்பார். கிரவுன் பல்லை எண்ணிப் பார்க்கத் தோன்றாது. பெரிய டயர் போட்ட வண்டியில் இது தலைகீழ். 80-இல் பிடிக்க வேண்டிய கவர்னர் 83 வரை விட்டுவிடும்.

இதனால்தான் சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே ஒயரை வெட்டி ஒரு திருத்தும் பெட்டியைச் சொருகும் வேலையை நான் சிபாரிசு செய்வதில்லை. டாஷ்போர்டு எண் மட்டும் அழகாகும். எஞ்சின் கணினியும் கவர்னரும் பழைய தப்பையே நம்பிக்கொண்டிருக்கலாம், அல்லது பெட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அவையும் சேர்ந்து ஏமாறலாம். கவர்னர் சீலில் கை பட்டால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுக்கான சோதனையில்) வண்டி நிற்கும். பி.எஸ்.6 (இப்போதைய புகைத் தரம்) வண்டிகளில் டயர் அளவையும் அச்சு விகிதத்தையும் ஸ்கேனர் வைத்துக் கணினியிலேயே மாற்றுவதுதான் முறை.

அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. சில கருவிகள் டயர் சுற்றளவை மி.மீ.யில் கேட்கும், சில கிலோமீட்டருக்குச் சென்சார் எத்தனை மின் துடிப்பு அனுப்புகிறது என்று கேட்கும். இரண்டும் எதிர்த்திசையில் போகும் எண்கள். டயர் கிலோமீட்டருக்கு 312 சுற்று, கிரவுன் 5.857, சென்சார் சுற்றுக்கு 8 துடிப்பு என்றால் 14,619. மீட்டர் கூட்டிக் காட்டினால் இந்த எண்ணை ஏற்ற வேண்டும். சுற்றளவு கேட்கும் கருவியில் அதே கோளாறுக்கு இறக்க வேண்டும். குழப்பிக்கொண்டவருக்கு 5 சதவீதப் பிழை 10 ஆகத் திரும்பி வரும். மாற்றிய பிறகு அதே 50 கி.மீ. பாதையில் அதே லோடோடு மறுபடி ஓட்டாமல் வண்டியை எடுத்துப் போகாதீர்கள்.

பழைய ரீடிங்கைத் தொடலாமா?

"ஒரு வருஷமா அஞ்சு சதவீதம் கூட ஓடியிருக்கு, அதைக் கழிச்சு ரீடிங்கை இறக்கிடுங்க." கேட்க நியாயமாகத்தான் தோன்றும். செய்யக் கூடாது. திருத்தம் என்பது இனி ஓடப்போகிற கிலோமீட்டருக்குத்தான். ஏறிய எண்ணை இறக்கினால், காரணம் எதுவாக இருந்தாலும், நாளைக்கு வண்டி வாங்குபவருக்கும் வாரன்டி பார்ப்பவருக்கும் அது மோசடியாகவே தெரியும். பல வண்டிகளில் எஞ்சின் கணினியும் ஓடிய தூரத்தைத் தனியாக வைத்திருக்கிறது. டாஷ்போர்டில் மட்டும் இறக்கினால் ஸ்கேனர் போட்டதும் முரண்பாடு பல்லிளிக்கும். ஆயில், கிளட்ச், டயர் கணக்குகளுக்குப் பழைய தூரம் சரியாக வேண்டுமென்றால் காகிதத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

மீட்டரே மாற்ற நேர்ந்தால் பழைய சாமான் கடை மீட்டர் அதன் பழைய வண்டியின் ரீடிங்கோடும் செட்டிங்கோடும் வரும். 24 வோல்ட் லாரிக்குச் சிறு வண்டியின் 12 வோல்ட் மீட்டரை மாட்டிப் புகைத்தவர்களும் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: மாற்றிய மீட்டரில் பழைய எண்ணை வைக்க முடியாவிட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, பழைய ரீடிங்கையும் மாற்றிய தேதியையும் எழுதிய சீட்டை இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். நம் வண்டிக்கும் அதைச் செய்ய யாரும் தடை போடவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் தேதி, மாற்றும் முன் இருந்த ரீடிங், அன்றைய பின் டயர் அளவு, கிரவுன் பல் எண்ணிக்கை, பழைய செட்டிங், புது செட்டிங் எல்லாவற்றையும் எழுதி, பட்டறை பில்லையும் அங்கேயே ஒட்டிவையுங்கள். ட்ரிப் ஷீட் எழுதும் டிரைவரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். மறுநாளிலிருந்து மைலேஜ் எண் மாறப்போவது அவருடைய கணக்கில்தான்.