கல்தூள், வெயில், கரண்ட் கட்: ரூட்டருக்கு ஃபேன் இல்லாத பெட்டி எடுக்கும் விதம்

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகிற வழியில் என் சித்தப்பா பையன் கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறான். ஆபீஸ் ரூமில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் இன்னொரு நெட்வொர்க் கார்டைச் செருகி, அதைத்தான் ரூட்டராக ஓட்டிக்கொண்டிருந்தோம். போன சித்திரையில் மத்தியானம் ஆனால் நெட் நின்றுவிடும், சாயங்காலம் தானாக வரும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஃபேன் இறக்கைக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் கல்தூள் அடை அடையாகப் படிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், தூளாக உதிரவில்லை, ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. ஃபேன் சுற்றியே பல நாள் ஆகியிருக்க வேண்டும்.

அன்றைக்கு முடிவு செய்ததுதான், நம்ம ஊரில் நாள் முழுக்க ஓடும் ரூட்டருக்கு ஃபேனே இருக்கக் கூடாது. அதற்கப்புறம் பட்டறைக்கு, வீட்டுக்கு, காவேரிப்பட்டணத்தில் நண்பர் ஒருவரின் டியூஷன் சென்டருக்கு என ரூட்டராக ஓட்ட ஃபேன் இல்லாத மூன்று சின்ன கம்ப்யூட்டர் பெட்டிகள் எடுத்து வைத்துவிட்டேன். அதில் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள். நூறு எம்பி லைன், வீட்டில் நான்கு போன், ஒரு டிவி, அவ்வளவுதான் என்றால் கேபிள்காரர் கொடுத்த ரூட்டரே போதும். இரண்டு நெட் கனெக்‌ஷன் வைத்து ஒன்று போனால் மற்றொன்றுக்கு மாற வேண்டும், சிசிடிவி கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் அடைக்க வேண்டும், வெளியூரிலிருந்து விபிஎன் (நெட் வழியாகப் போகும் பூட்டிய தனிப்பாதை) வழியாக ஆபீஸ் கணக்கைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளின் டேப்லெட்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு நெட்டை நிறுத்த வேண்டும் என்றெல்லாம் இருந்தால்தான் தனிப் பெட்டிக்குச் செலவு செய்வதில் அர்த்தம் உண்டு.

பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறதே, அதையே போடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் மெஷின், இரண்டு மாத பில்லில் சுமார் 86 யூனிட் சேர்க்கும். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை ரூட்டரே தின்றுவிடும். 10 வாட் பெட்டி என்றால் அதே இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம்தான்.

சரி, பெட்டிக்கு வருவோம். எல்லோரும் முதலில் பிராசஸரைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது லேன் சிப்பை, அதாவது நெட் கேபிள் செருகும் போர்ட்டை ஓட்டும் சிப்பை. குறைந்தது இரண்டு லேன் போர்ட் வேண்டும், ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. ஒரே போர்ட் உள்ள மினி பிசியை வாங்கி யுஎஸ்பி லேன் அடாப்டர் செருகிச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள், அதை நம்பி இறங்காதீர்கள். யுஎஸ்பி அடாப்டர் ஒரு வாரம் நன்றாக ஓடும், திடீரென ஒருநாள் காணாமல் போய்விடும், நீங்கள் வெளியூரில் இருக்கும்போதுதான் அது நடக்கும். சிப் இன்டெல்லா ரியல்டெக்கா என்பது நீங்கள் போடப்போகும் ரூட்டர் மென்பொருளைப் பொறுத்தது. ஓபன்டபிள்யுஆர்டி லினக்ஸ் அடிப்படையில் ஓடுவது, அதில் ரியல்டெக் பெரும்பாலும் தொந்தரவு தராது. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டம் மேல் ஓடுபவை, அங்கே ரியல்டெக் டிரைவர் பல வருடமாகத் தலைவலி, அதனால் இன்டெல்தான் எடுக்க வேண்டும். இன்டெல்லிலும் ஒரு கவனம் தேவை. ஐ225 என்ற 2.5 கிகாபிட் சிப்பின் முதல் பதிப்புகளில் குறை இருந்தது, வேகமாக ஓடும்போது பாக்கெட்டுகள் தவறும். பி3 பதிப்பில் சரி செய்தார்கள், அதற்கடுத்து வந்தது ஐ226. புதிதாக எடுத்தால் ஐ226 உள்ளதையே கேளுங்கள். கிகாபிட் போதும் என்றால் பழைய ஐ210, ஐ211 இன்றைக்கும் கல் மாதிரி உழைக்கும்.

பிராசஸரில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100, நான்கு கோர், 6 வாட், வீட்டுக்கும் சின்ன ஆபீஸுக்கும் தாராளம். அதற்கு முந்தைய ஜே4125, என்5105 கொஞ்சம் விலை குறைவாகக் கிடைத்தால் அவையும் சரிதான். ஜே1900 மட்டும் வேண்டாம், அது 2013 சரக்கு, ஏஇஎஸ் என்க்ரிப்ஷனை ஹார்ட்வேரிலேயே செய்யும் வசதி அதில் கிடையாது, ஓபன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருள் போட்டால் மூச்சு வாங்கும். வயர்கார்ட் என்ற இன்னொரு விபிஎன் வேறு வகை என்க்ரிப்ஷனில் ஓடுவதால் அதற்கு அந்த வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ராம் 4 ஜிபி போதும், சூரிகாட்டா மாதிரி ஊடுருவலைக் கண்காணிக்கும் மென்பொருள் போடுவதாக இருந்தால் 8.

இதில் இங்குள்ளவர்கள் கவனிக்க வேண்டியது பிபிபிஓஇ. யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு இணையும் ஃபைபர் லைன்கள் இந்த முறையில்தான் வருகின்றன, பிஎஸ்என்எல் ஃபைபரும் அப்படித்தான். ஃப்ரீபிஎஸ்டியில் உள்ளே வரும் பிபிபிஓஇ டிராஃபிக் முழுவதையும் வெகுகாலமாக ஒரே கோர்தான் சுமந்துவந்தது, மீதி மூன்றும் சும்மா இருக்கும். இப்போதைய பதிப்புகளில் இதற்குப் புது டிரைவர் வர ஆரம்பித்திருக்கிறது. ஆனாலும் கோர் எத்தனை என்று எண்ணுவதைவிட ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்று பார்த்து வாங்குவதுதான் நல்லது.

அடுத்தது சூடு, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஃபேன் இல்லாத பெட்டியில் அலுமினியக் கூடுதான் ஹீட் சிங்க். சிபியுவின் சூடு ஒரு செம்புக் கட்டி வழியாகக் கூட்டுக்கு ஏறி, மேலே வரிவரியாக இருக்கும் தகடுகள் வழியாகக் காற்றில் போக வேண்டும். அந்தக் கட்டிக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் சூடு உள்ளேயே தங்கிவிடும். டியூஷன் சென்டருக்கு ஆன்லைனில் வாங்கிய பெட்டி அப்படித்தான் வந்தது. உள்ளே சிபியு 85 டிகிரி காட்டுகிறது, மேல் தகட்டில் கை வைத்தால் வெதுவெதுப்புகூட இல்லை. சந்தேகப்பட்டு அடியில் இருந்த நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிப் பார்த்தேன். தெர்மல் பேஸ்ட் ஒரு ஓரத்தில் மட்டும் பட்டாணி அளவுக்குக் காய்ந்து ஒட்டியிருந்தது, மீதி இடமெல்லாம் வெறும் செம்பு. துடைத்துவிட்டு நல்ல பேஸ்ட் தடவி ஸ்க்ரூக்களைக் குறுக்கு வாட்டில் மாற்றி மாற்றி முறுக்கினேன். அதே மத்தியானம் 62க்கு இறங்கியது, கூடு நன்றாகச் சுட்டது. ஃபேன் இல்லாத பெட்டியின் கூடு சுட்டால் பயப்படாதீர்கள், சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். உள்ளே கொதித்து வெளியே குளிர்ந்திருந்தால்தான் கோளாறு.

வைக்கும் இடமும் முக்கியம். சிமெண்ட் ஷீட் போட்ட கூரைக்குக் கீழே, பீரோவுக்குள், டிவி ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைக்கவே வேண்டாம். மேல்காற்று சூடாக இருக்கும், அதனால் பரணில் வைப்பதைவிடச் சுவரில் இடுப்பு உயரத்தில், தகடுகள் நின்றவாக்கில் இருக்கும்படி ஆணி அடித்து மாட்டுங்கள். சூடான காற்று வரிகளுக்கு நடுவே தானாக மேலே ஏறிப்போகும்.

கரண்ட் கட்டுக்கு வருகிறேன். பயாஸில் (பெட்டி ஆன் ஆனதும் முதலில் ஓடும் செட்டிங்ஸ் திரை) மின்சாரம் போய் வந்தால் தானாக ஆன் ஆகும் அமைப்பு இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள், வந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டுவையுங்கள். இது இல்லாத பெட்டி ஒவ்வொரு கட்டுக்கும் யாராவது வந்து பட்டனை அமுக்கும்வரை செத்துக் கிடக்கும். போட்டுவைத்தும் மறுபடி மறந்துவிடுகிறது என்றால் உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும், சிஆர்2032 வாங்கி மாற்றினால் போதும். பிஎஃப்சென்ஸோ ஓபிஎன்சென்ஸோ நிறுவும்போது டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறையாக இசட்எஃப்எஸ் தேர்ந்தெடுங்கள், திடீர் கட்டுகளை அது யுஎஃப்எஸ் என்ற பழைய முறையைவிட நன்றாகத் தாங்குகிறது. சேமிப்புக்கு இஎம்எம்சி (போர்டிலேயே ஒட்டி வரும் சேமிப்புச் சிப்) வேண்டாம், லாக் எழுதி எழுதியே தேய்ந்துவிடும், சின்ன எஸ்எஸ்டி போடுங்கள்.

இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதால், ரூட்டருக்கு விற்கும் சின்ன யுபிஎஸ்ஸிலேயே ஓட்டலாம். ஆனால் ஆம்பியரைப் பாருங்கள். 12 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் 24 வாட்தான், பூட் ஆகும்போது சில பெட்டிகள் அதைத் தொட்டுவிடும். பின் அளவும் மாறும், இவற்றில் பல 5.5க்கு 2.5 மில்லிமீட்டர், சாதா ரூட்டர் பின் 5.5க்கு 2.1. பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும், செருகினால் ஏறாது. ஃபைபர் டப்பாவையும் அதே பேக்கப்பில் சேர்க்க மறக்காதீர்கள், அது அணைந்துவிட்டால் ரூட்டர் மட்டும் எரிந்து பிரயோஜனமில்லை.

பட்ஜெட் குறைவென்றால் பெங்களூர் எஸ்பி ரோடு நமக்குப் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். ஆபீஸ்களில் கழித்த தின் கிளையண்ட்டுகள், அதாவது சர்வரோடு இணைத்து வேலை செய்யும் சின்ன கம்ப்யூட்டர்கள், அங்கே கிடைக்கும். ஹெச்பி டி620 பிளஸ் ஃபேன் இல்லாதது, கார்டு செருக இடம் உண்டு, அதில் இன்டெல் நெட்வொர்க் கார்டு போட்டால் அருமையான ரூட்டர். பிளஸ் என்ற வார்த்தை முக்கியம், வெறும் டி620இல் அந்த இடம் கிடையாது. வைஃபை இந்தப் பெட்டிக்குள் வேண்டாம், பழைய வைஃபை ரூட்டரை ஆக்ஸஸ் பாயிண்டாக மாற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

புதிதோ பழையதோ, உள்ளே ஏற்கனவே போட்டுத் தரும் சாஃப்ட்வேரை அப்படியே ஓட்டாதீர்கள். முழுக்க அழித்துவிட்டு அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கியதை நிறுவுங்கள். உங்கள் வீட்டு வாசலே இதுதான். திருப்பிக் கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள் ஒரு ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள், நெட்வொர்க் வேகத்தைச் சோதிக்கும் ஐபெர்ஃப் வைத்து ஒரு மணி நேரம் இரண்டு போர்ட்டையும் நிரப்புங்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாத ரூமில். அப்புறம் பத்துத் தடவையாவது பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள், பத்துத் தடவையும் கை படாமல் நெட் திரும்பி வர வேண்டும்.

தூசு தட்டப் பட்டறையில் மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ் போதும். ஈரத்துணி மட்டும் வேண்டாம், கல்தூளில் ஈரம் பட்டுக் காய்ந்தால் தகடுகளுக்கு நடுவில் பூச்சு வேலை செய்த மாதிரி இறுகிவிடும்.