கத்தரிக்கோல் ஒண்ணுதான், ஆனா இங்கிலீஷ்ல 'ஆர்'

நம்ம ஊர்ல கத்தரிக்கோல் எங்க, கண்ணாடி எங்க, பேண்ட் காஞ்சிடுச்சான்னு எல்லாத்தையும் ஒருமைலயே கேட்டு வளந்துட்டோம், அதனால இங்கிலீஷ் பேசும்போதும் 'வேர் இஸ் மை ஸிஸர்'னுதான் வாய்ல வருது. அவங்க கணக்கு வேற. பேண்ட்டுக்கு ரெண்டு கால், கத்தரிக்கோலுக்கு ரெண்டு அலகு, அதனால கைல இருக்கறது ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் ஸிஸர்ஸ், ட்ரௌசர்ஸ், ஜீன்ஸ், ப்ளையர்ஸ், ட்வீசர்ஸ், பைனாகுலர்ஸ்னு பன்மைதான். 'தீஸ் ஸிஸர்ஸ் ஆர் ப்ளண்ட்'னு சொல்லணும், 'திஸ்'ஸும் 'இஸ்'ஸும் வராது.

இதுல நான் மாட்டினது கண்ணாடில. ரூம்ல கூட இருந்த பையனுக்குத் தமிழ் தெரியாது. ஒருநாள் காலைல தெரியாம என் மூக்குக்கண்ணாடி மேலயே உக்காந்துட்டு 'மை க்ளாஸ் இஸ் ப்ரோக்கன்'னு கத்தினேன், அவன் பாவம் தொடப்பத்த எடுத்துட்டு ஓடிவந்து செருப்பு போட்டுக்கோ செருப்பு போட்டுக்கோன்னு தரைய கூட்ட ஆரம்பிச்சுட்டான். க்ளாஸ்னா டம்ளர். க்ளாஸஸ்னாதான் மூக்குக்கண்ணாடி.

எண்ணணும்னா 'எ ஸிஸர்ஸ்'னு சொல்லக்கூடாது, 'எ பேர் ஆஃப் ஸிஸர்ஸ்' (இந்த பேர் நம்ம பேரு இல்ல, ஜோடி). பேர் முன்னாடி வந்துட்டா வினை அந்த பேர்ங்கற சொல்லோட சேர்ந்துக்கும், ஒரு ஜோடின்னா ஒருமை, 'தேர் இஸ் எ பேர் ஆஃப் ஸிஸர்ஸ் ஆன் த டேபிள்'. ரெண்டுன்னா 'டூ பேர்ஸ்', அந்த 'ஸ்'ஸ நிறைய பேர் விட்டுடறாங்க.

இதப் படிச்சுட்டு ஷூ, சாக்ஸ், கம்மலுக்கும் இதே ரூல்னு நெனச்சுடாதீங்க, அதெல்லாம் தனித்தனியா கழட்டி வைக்கலாம், ஒண்ணு தொலைஞ்சா 'ஐ லாஸ்ட் எ ஷூ'ன்னு தாராளமா சொல்லலாம். ஜீன்ஸ்ல ஒரு கால மட்டும் தொலைக்க முடியாதில்ல, அதான் வித்தியாசம். ஆனா லாஜிக்க ரொம்ப இழுக்காதீங்க, ப்ராவுக்கு ரெண்டு கப் இருந்தும் அது ஒருமைதான், ஏன்னு கேட்டா பதில் இல்ல.

இந்தச் சொல்லெல்லாம் இன்னொரு சொல்லுக்கு முன்னாடி வந்து ஒட்டினா 'ஸ்' பெரும்பாலும் விழுந்துடும், ட்ரௌசர் பாக்கெட், பைஜாமா பார்ட்டின்னு. பைஜாமா இந்தியாலேர்ந்து போன சொல்லு, ஹிந்தில ஒருமை, அங்க போனதும் அதுக்கும் 'ஸ்' மாட்டிவிட்டுட்டாங்க.

அப்புறம் பேண்ட்ஸ். அமெரிக்கால அது நம்ம பேண்ட்தான், இங்கிலாந்துல ஜட்டி. லண்டன் ஆபீஸ்ல யார்கிட்டயாவது 'நைஸ் பேண்ட்ஸ்'னு சொல்லி வெக்காதீங்க.