ஜமைக்கா சூப் கலவையில் உப்பு வேண்டாம்

ஜமைக்கா சூப்புக்கு வீட்டிலேயே உலர் மசாலாக் கலவை செய்து வைக்கிறீர்களா, அதில் உப்பைச் சேர்க்காதீர்கள், ஆல்ஸ்பைஸையும் (மிளகு போன்ற உலர்ந்த வாசனைக் காய்) பொடிக்காமல் மணி மணியாகவே போட்டு வையுங்கள். உலர்ந்த தைம் (ஒரு வாசனை இலை), வெங்காயத்தாள், பூண்டுத்தூள், பத்துப் பன்னிரண்டு ஆல்ஸ்பைஸ், அவ்வளவுதான் கலவை.

அங்கே சனிக்கிழமை சூப்பில் உப்பில் ஊறிய மாட்டிறைச்சியோ பன்றி வாலோ போடுவது உண்டு, அதன் உப்பு ஒருநாள் போல ஒருநாள் இருக்காது, கலவையிலும் உப்பு இருந்துவிட்டால் சூப் கரித்துவிடுமோ என்று பயந்து மசாலாவைக் குறைப்போம், மணமும் போய்விடும். உப்பு ஈரத்தையும் இழுக்கும், மழைக்காலத்தில் டப்பாவுக்குள் எல்லாம் கட்டிதட்டிப் போகும். ஆல்ஸ்பைஸ் முழுசாக இருந்தால் வாசனை எண்ணெய் உள்ளேயே தங்கும். பரிமாறும் முன் கரண்டியால் எடுத்துவிடலாம், மிளகைவிடப் பெரிது என்பதால் கண்ணில் படும்.

பரங்கிக்காயும் சௌசௌவும் (அங்கே சோச்சோ) மட்டும் போட்டு இருபது நிமிடத்தில் இறக்கும் சூப்புக்கு இது சரிப்படாது. முழு ஆல்ஸ்பைஸ் மணம்விட நேரம் போதாது, அன்றைக்கு நாலைந்தைத் தட்டிப் போடுங்கள். அப்புறம், ஸ்காட்ச் பானெட் என்ற கடுங்கார மிளகாயைக் காயவைத்துக் கலவையில் சேர்க்க வேண்டாம், பச்சையாக முழுசாக மிதக்கவிடுங்கள், உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.