எதிர்ப்பொருள்–நச்சு இணைவு மருந்துகள் இரத்தத்தில் எவ்வளவு நாள் குலையாமல் இருக்கும்? அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றணுவின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளோடு, அதாவது ஆன்டிபாடியோடு, தனியே கொடுத்தால் உடல் தாங்காத கொடிய நச்சு ஒன்றை இணைப்பி எனப்படும் சிறு வேதிச் சங்கிலியால் பிணைத்து அனுப்புவதே இந்த மருந்துகளின் அடிப்படை. அந்த இணைப்பி இரத்தத்தில் பல நாள் அறுபடாமலும், புற்றணுவுக்குள் நுழைந்த பின் தடையின்றி அறுபட்டும் நடந்துகொள்ள வேண்டும். இவ்விரண்டில் முதலாவதைச் சோதிக்கும்போதுதான் பிழைகள் மிகுதியாக நேர்கின்றன. 'நிலைப்புத்தன்மை' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பற்ற பல நிகழ்வுகள் அடங்கியிருப்பதும், அவற்றை ஒரே எண்ணால் சொல்லிவிட நாம் முயல்வதும் அந்தப் பிழைகள் பலவற்றுக்கு வேராக இருக்கின்றன.

பிஎச் மாறாமல் காக்கும் எளிய உப்புக் கரைசலான தாங்கல் கரைசலில் மருந்து குலையாமல் இருந்ததைக் கண்டு, இரத்தத்திலும் அப்படியே இருக்கும் என்று முடிவுகட்டுவது முதல் தவறு. எதிர்ப்பொருளில் உள்ள கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டீனில், மலெய்மைடு என்னும் வளைய வேதித் தொகுதி வழியாக நச்சை இணைப்பது மிகப் பரவலான முறை. இங்கே உருவாகும் கந்தகப் பிணைப்பு மீளக்கூடியது. அது மெல்லப் பின்னோக்கி அவிழும். தாங்கல் கரைசலில் அவிழ்ந்த மலெய்மைடைப் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லாததால் அது பழைய இடத்திலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. இரத்தத்திலோ ஒரு லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை அல்புமின் என்ற புரதம் இருக்கிறது. அதன் 34ஆம் இடத்துச் சிஸ்டீனில் பிணைப்புக்குத் தயாராக ஒரு தயால் தொகுதி, அதாவது கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி, காத்திருக்கிறது. அவிழ்ந்த நச்சு, தன் இணைப்பியோடு சேர்த்தே, அல்புமினிடம் கைமாறிவிடுகிறது. அல்புமின் சுமந்து செல்லும் இந்த நச்சு இலக்கு எதுவுமின்றி உடலெங்கும் சுற்றும் என்பதால், இதை நான் சிறிய குறையாகக் கருதுவதில்லை. மலெய்மைடு வளையம் நீராற்பகுப்பால், அதாவது நீரோடு வினைபுரிந்து, திறந்துகொண்டால் பிணைப்பு பின்னோக்கி அவிழாது. அந்தத் திறப்பு எவ்வளவு விரைவாக நடக்கும் என்பது எதிர்ப்பொருளில் நச்சு ஒட்டியிருக்கும் இடத்தையும், அங்குள்ள மின்சுமையையும், அந்த இடம் கரைசலுக்கு எந்த அளவு வெளிப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது என்று 2012இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே 'இந்த இணைப்பி நிலையானது' என்று இடத்தைக் குறிப்பிடாமல் சொல்லும் கூற்று அரைகுறையானது.

இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலேயே சோதித்தாலும் கவனம் தேவை. திறந்த குழாயில் வைத்த பிளாஸ்மா கார்பன் டைஆக்சைடை இழந்து, அதன் பிஎச் மதிப்பு 7.4இலிருந்து 8ஐயும் தாண்டிச் செல்லக்கூடும். அமிலத்தில் அறுபடும் இணைப்பி அப்போது உண்மையைவிட உறுதியானதாகத் தோன்றும். மலெய்மைடு வளையமும் இயல்பைவிட விரைவாகத் திறந்து, பிணைப்பு வலுவானது என்ற மயக்கத்தைத் தரும். கார்பன் டைஆக்சைடு 5 விழுக்காடு உள்ள அடைகாப்பானில் வைப்பதும் இறுதியில் பிஎச்சை அளந்து எழுதுவதும் எளிய தீர்வுகள். உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் உறைவு எதிர்ப்பிகள் சில நொதிகளை முடக்கும் என்பதையும், எதிர்ப்பொருள் உடலில் வாரக்கணக்கில் சுற்றக்கூடியது என்பதால் 24 மணி நேரச் சோதனை போதாது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

எலியின் முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்துவது அடுத்த தவறு. வாலின்–சிட்ருலின் என்னும் இரு அமினோ அமில இணைப்பி, உயிரணுவின் செரிமான அறையான லைசோசோமில் உள்ள கெதெப்சின் போன்ற நொதிகளால் அறுபடும்படி வடிவமைக்கப்பட்டது. ஆனால் சுண்டெலியின் பிளாஸ்மாவில் உள்ள கார்பாக்சில்எஸ்டரேஸ் 1சி என்ற நொதியும் அதை அறுத்துவிடுகிறது. மனித பிளாஸ்மாவில் அந்த நொதி இல்லை. எலியில் நச்சு விரைவாக உதிர்வதைப் பார்த்து நல்ல மருந்தைக் கைவிடவும் நேரலாம். அதே எலியில் தெரிந்த பக்க விளைவு இணைப்பியின் குறையா, உயிரினத்தின் வேறுபாடா என்று தெரியாமல் குழம்பவும் நேரலாம். இணைப்பியின் முன்னே ஒரு குளூட்டாமிக் அமிலத்தைச் சேர்த்தால் எலி நொதியின் வெட்டு பெருமளவு தடுக்கப்படுகிறது. மறுபுறம், மனித நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்கள் சுரக்கும் எலாஸ்டேஸ் நொதி வாலின்–சிட்ருலின் இணைப்பியை வெட்டக்கூடியது என்பதால், மனித பிளாஸ்மாவில் மட்டும் தேறிய மருந்து மனித உடலிலும் தேறும் என்பதற்கும் உறுதியில்லை.

அளவீட்டு முறையில் நேரும் தவறுகள் இன்னும் நுட்பமானவை. மொத்த எதிர்ப்பொருளை மட்டும் அளந்தால், நச்சை முழுவதும் இழந்த வெறும் எதிர்ப்பொருளும் மருந்தாகவே கணக்கில் ஏறும். நச்சைப் பற்றிப் பிடித்து அளக்கும் முறையிலும், ஒரே ஒரு நச்சு எஞ்சிய மூலக்கூறும் எட்டு நச்சு ஏந்திய மூலக்கூறும் ஏறத்தாழ ஒன்றுபோலவே எண்ணப்படலாம். தனித்து உலவும் நச்சை மட்டும் அளந்தாலோ, அல்புமினுக்கு மாறிய பங்கு கண்ணில் படாமல் போகும். மூன்றையும் அளந்து, நிறை நிறமாலைமானியால் ஒவ்வொரு மூலக்கூறும் எத்தனை நச்சை ஏந்துகிறது என்பதையும் பார்ப்பதே நம்பத்தக்கது. அப்போதும் ஒரு பொறி உண்டு. விலங்கின் இரத்தத்தில் அந்தச் சராசரி எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைவதற்கு நச்சு உதிர்வது மட்டுமே காரணமன்று. 2004இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், எட்டு நச்சு ஏற்றிய எதிர்ப்பொருள், நான்கு ஏற்றியதைவிட மூன்று மடங்கு விரைவாக இரத்தத்திலிருந்து நீங்கியது. நிறைய ஏற்றிய மூலக்கூறுகள் முந்தி வெளியேறினாலும் சராசரி சரியும். அதை உதிர்வு என்று படித்தால், குற்றமற்ற இணைப்பியைத் திருத்திக்கொண்டு மாதங்களைக் கழிக்க நேரும்.

நச்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அது இன்னும் நச்சாக இருக்கிறதா என்று பாராமல் விடுவதும் உண்டு. டியூபுலைசின் வகை நச்சில் உள்ள அசிட்டைல் தொகுதி, எதிர்ப்பொருளில் பிணைந்திருக்கும்போதே இரத்தத்தில் கழன்றுவிடக்கூடும். எண்ணிக்கை குறையாது, ஆற்றல் மட்டும் பெரிதும் குறைந்துவிடும்.

இறுதியாக, நிலைப்புத்தன்மை கூடக்கூட மருந்து சிறக்கும் என்ற எண்ணத்தையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும். சாசிட்டுசுமாப் கோவிடெக்கான் என்ற மருந்தின் இணைப்பி, ஏறக்குறைய ஒரு நாளில் பாதியளவு நச்சை இரத்தத்திலேயே விடுவிக்கிறது. ஆயினும் அது 2020இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. அந்த நச்சு ஒப்பளவில் மிதமானது என்பதால் இது இயல்கிறது. பல மடங்கு கொடிய கலிக்கியாமைசின் என்ற நச்சோடு இதே வேகத்தை வைத்துப் பார்க்க முடியாது. அந்தக் கலிக்கியாமைசினை ஏந்திய ஜெம்டுசுமாப் ஓசோகாமைசின் 2000இல் ஒப்புதல் பெற்று, 2010இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, 2017இல் திரும்பி வந்தது. அதன் வீழ்ச்சிக்கு, அமிலத்தில் அறுபடும் ஹைட்ரசோன் இணைப்பியையே காரணம் காட்டுவோர் பலர். ஆனால் திரும்பி வந்தபோது இணைப்பி மாறவில்லை: உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு ஒரே வேளையில் 9 மில்லிகிராம் என்றிருந்த அளவு, வேளைக்கு 3 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டு வெவ்வேறு நாள்களில் தரும்படி பிரிக்கப்பட்டிருந்தது.