அம்பாசிடருக்கு மின்விசிறி: ஏசி இருந்தால் கணக்கே வேறு

அம்பாசிடரில் எஞ்சின் பெல்ட்டால் சுற்றும் பழைய விசிறியை எடுத்துவிட்டு மின்விசிறி போடுவது பற்றித்தான் பேச்சு. ஆரல்வாய்மொழியில் வேகமாகப் போகும்போது, எஞ்சின் நீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு விசிறியே தேவையில்லை. சோதனை மார்த்தாண்டம் நெரிசலில்தான்: ஏசியின் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று, சூடான காற்றையே ரேடியேட்டருக்குக் கொடுக்கும். எனவே பின்னாலிருந்து இழுக்கும் விசிறியைத்தான், சுற்றிலும் தகட்டுக் கூண்டோடு, நான் சிபாரிசு செய்வேன்.

முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். பழைய விசிறியைக் கழற்றினால் தண்ணீர் பம்பின் கப்பியைப் பிடிக்கும் போல்ட்டுகள் தேவைக்கு மேல் நீளமாகிவிடும், வாஷர் சேருங்கள். பம்புக்கும் ரேடியேட்டருக்கும் உள்ள இடைவெளியை அளந்த பிறகே விசிறி வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.

கம்பியில் கஞ்சத்தனம் ஆகாது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வழியாக விசிறிக்குத் தடித்த கம்பி இழுங்கள். எஞ்சின் சூடானதும் இயங்கும் வெப்ப சுவிட்ச் ஒரு ரிலேயையும், ஏசி கம்ப்ரசரை ஓட்டும் கிளட்சின் கம்பி இன்னொன்றையும் இயக்கட்டும். ஒரே ரிலேயில் இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கட்டினால், எஞ்சின் சூடானதும் கம்ப்ரசர் கேட்காமலே ஓடலாம். மின்சாரம் தர உங்கள் காரில் இன்னும் பழைய டைனமோவா? ஆல்டர்னேட்டர் மாற்றாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

விசிறியை ஓடவிட்டு, கிரில் முன் செய்தித்தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது, மோட்டாரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றி இணையுங்கள். குளச்சல் பக்கம் உப்புக்காற்றில் கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். வாசலின் தடவுங்கள்.